அப்பாவைத் துரையாக்கிய மகனுக்கு

தம்பி,

போனில் நீ ஒரே வார்த்தையில் பதில் கேட்டாய். "கல்யாணத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா அம்மா? அத மட்டும் சொல்லுங்க." எனக்கு வாயால் பதில் சொல்ல வராது என்பது உனக்குத் தெரியும். நான் படிப்பிக்கும் பாடசாலையில் ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் என் பெயரைச் சொல்லிக் கேட்டால்கூட எழுந்து நின்று, நினைத்ததில் பாதியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். தேயிலைத் தோட்டத்தின் முதல் பட்டதாரி என்று மாரியம்மன் கோயிலில் மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நான் "நன்றி" என்றுகூடச் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். முன்வரிசையில் இருந்த நீ தலையைக் குனிந்துகொண்டாய். கூட்டத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை, அதைப் பார்த்தேன். பேசாதவர்களுக்குக் கண்தான் வேலை செய்யும்.

அதனால் எழுதுகிறேன். உறையில் போட்டு அனுப்பினால் படித்துவிட்டு எங்கேயாவது மடித்து வைத்துவிடுவாய். எங்கள் பக்கத்து ஆட்கள் எழுதுவதைப் போடும் ஒரு பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் இதில் இல்லை. நீ கட்டப்போகும் பெண்ணை ஷாலினி என்று எழுதியிருக்கிறேன், அது அவள் பெயர் அல்ல. மற்றவர்களுக்கு இது யாரோ ஒருத்தி தன் மகனுக்கு எழுதியது. உனக்கு ஒவ்வொரு வரியும் யாருடையது என்று தெரியும்.

உன்னைப்போல் பயணிகள் கப்பலில் வேலை செய்கிறவர்கள் தாயையோ தகப்பனையோ கொஞ்ச நாள் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. விசாவுக்காகக் கொழும்புக்கு அலைந்தபோதும் நம்பவில்லை. சித்தப்பாதான் கேலி செய்துகொண்டே இருந்தார். "அண்ணி, ஐஸ் பாக்கவா அம்புட்டுத் தூரம்? பெல்மதுளை சந்தையில மீன்காரன் பெட்டியத் தொறந்தா முழுக்க ஐஸ்தானே?" ஆனால் விமான நிலையம் வரை என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். ஓப்பநாயக்கவிலிருந்து பஸ் ஏறியது முதல் அதைத் தன் மடியிலேயே வைத்திருந்தார், யாரும் மிதித்துவிடக் கூடாது என்று.

உன்னோடு கப்பலில் பயணிகள் மேசையில் வேலை செய்யும் பெண்தான் ஷாலினி என்றும், வான்கூவரில் இருக்கும் அவளுடைய அப்பாவும் அம்மாவும் அதே பயணத்தில் வருகிறார்கள் என்றும், என்னைப் பார்க்கவே வருகிறார்கள் என்றும் நீ சொன்னாய். யாழ்ப்பாணத்து ஆட்கள், கொழும்பில் இருந்தவர்கள், பிறகு கனடா. முதல் நாள் சீருடையோடு என் அறைக்கு வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் சால்வையை நீயே சரிசெய்துவிட்டுச் சொன்னாய்: "நீங்க ரொம்பப் பேச வேணாம் அம்மா. சிரிச்சிக்கிட்டு இருந்தாப் போதும். கூச்ச சுபாவம்னு சொல்லி வச்சிருக்கேன்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளை என்னை எவ்வளவு அறிந்து வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் ஷாலினியின் அம்மா எதைக் கேட்டாலும் நீ எனக்கு முன்னால் பதில் சொன்னாய். நான் சிரித்தேன். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவள் அங்கே சூப்புக் கரண்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் வடக்கே ஐஸ் மலைப் பக்கம் போய் நின்ற அந்தத் துறைமுகத்தில் இறங்கிய நாளை நான் பல தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். சின்ன ஊர். மரக் கடைகள், கடைகளுக்குப் பின்னாலேயே மலை, மலையின் பாதியில் மேகம். நம் ஊர் மழைதான் அங்கேயும், குளிர் மட்டும் வேறு. அரை நாள் விடுப்பு வாங்கி நீயும் வந்திருந்தாய். பஸ் காட்டுக்குள் போய் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தியது. ஏரியின் மறுகரையில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஐஸ் இறங்கி வந்து அப்படியே நின்றது. "கிளேசியர்" என்றாய். பாடப்புத்தகத்தில் பனியாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆறு என்றதால் ஓடும் என்றே மனதில் இருந்தது. அது ஓடவில்லை. சீருடை வெளுக்க நீலம் கரைத்த தண்ணீரின் நிறத்தில், வெடிப்பு வெடிப்பாக, கோபுர உயரத்துக்கு நின்றது.

எங்களைக் கூட்டிப்போக வந்த பெண் சின்ன வயது, இரட்டைப் பின்னல். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் கொடுத்தாள். நான் உன் காதருகே, "சவர்க்காரம் தேச்சிட்டுப் போடணுமா தம்பி? அட்டை கடிக்குமா?" என்று கேட்டேன். மலையில் இறங்க பூட்ஸ் போடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அது. நீ கேட்காதது போல் நின்றாய். ஷாலினிக்குக் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே, "இந்தக் குளிருக்கு அட்டை வராது ஆன்ட்டி, வந்தாலும் செத்துப்போகும்" என்றாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அவளை எனக்குப் பிடித்தது அந்த நிமிடத்தில்தான்.

கனூ என்பது நீளமான துடுப்புப் படகு. பக்கத்துக்கு ஒருவராகச் சோடி சோடியாக உட்கார்ந்தோம். முன்னால் நானும் நீயும், எங்களுக்குப் பின்னால் ஷாலினியும் அவள் அம்மாவும், அதற்குப் பின்னால் அவள் அப்பாவும் யாரோ வெளிநாட்டுக்காரர்களும். அந்தப் பெண் பின்முனையில் இருந்து படகைத் திருப்பினாள். ஐஸ் சுவரிலிருந்து எட்டியே போவோம், சில நேரம் ஒரு துண்டு உடைந்து விழும், அப்போது அலை வரும், யாரும் எழும்பக் கூடாது, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருங்கள் என்றாள். எல்லாம் எனக்குப் புரிந்தது. நீ தமிழில் திருப்பிச் சொன்னாய், எனக்குப் புரியாது என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என்பதுபோல. தண்ணீரில் மிதந்த ஐஸ் கட்டிகள் கடுகு தாளிப்பது மாதிரி சடசடவென்று சத்தம் போட்டன. உள்ளே அடைபட்ட காற்று வெளியே வருகிற சத்தம் என்றாள் அந்தப் பெண். தன் அம்மா சிறுமியாக இருந்தபோது ஐஸ் இந்த ஏரியை மூடியிருந்ததாம். அதைச் சொன்னபோது அவள் குரல் இறங்கியது. தன் மலை கரைவதை வருகிறவர்களுக்குக் காட்டிப் பிழைக்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

பிறகு அது உடைந்தது.

முதலில் துவக்கு வெடித்ததுபோல் ஒரு சத்தம். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான். காதுக்கு வராமல் உட்கார்ந்த இடத்திலிருந்து வயிற்றுக்குள் ஏறும் அந்த உறுமல். அதை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய். நான் எழுந்துவிட்டேன். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "நாய யனவா! துவன்ன! நாய யனவா!" என்று கத்தினேன். மலை சரிகிறது, ஓடுங்கள் என்று சிங்களத்தில் அர்த்தம். எங்கள் பக்கத்தில் லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் தமிழர்களும் கிராமத்தில் சிங்களவர்களும் ஒரே மலையின் கீழ் இருக்கிறோம், நாங்கள் கொஞ்சப் பேர். மலை இறங்கும்போது எல்லோருக்கும் விளங்குகிற பாஷையில்தான் கத்த வேண்டும். அதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஏரியின் நடுவில், ஓட இடமில்லாத படகில் நின்று நான் ஓடச் சொன்னேன்.

படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. ஷாலினியின் அப்பாவுடைய துடுப்பு தண்ணீரில் போனது. ஐஸ் தண்ணீர் எல்லோர் மடியிலும் அடித்தது. யாரோ என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அலை வந்து படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. எல்லாம் அடங்கிய பிறகுதான் கவனித்தேன், உன் கை என் கையில் இல்லை. நீ உதறியிருந்தாய். தண்ணீரில் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் உதறியிருந்தால் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். பயந்தவன் முகம் எனக்குத் தெரியும். அது பயம் அல்ல.

படகோட்டும் பெண், "உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். நீ ஆங்கிலத்தில், "மன்னியுங்கள், சில நேரம் அவர் குழம்பிப் போய்விடுவார்" என்றாய். அப்போது ஷாலினியின் அப்பா பின்னாலிருந்து, நல்ல எண்ணத்தோடுதான், அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொன்னார். இந்த அம்மாவின் கணவர் இலங்கையில் பெரிய தேயிலைத் தோட்டம் ஒன்றின் முகாமையாளர், ஒரு மண்சரிவில் தொழிலாளர் குடியிருப்புக்குள் போய் அவர்களைக் காப்பாற்றும்போது மண்ணுக்குள் போய்விட்டார், சத்தம் கேட்டதும் அது ஞாபகம் வந்திருக்கும். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. "உங்கள் கணவர் தைரியமான மனிதர்" என்றாள். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சிரித்தேன், நீ சொன்னபடி. ஷாலினி தன் கையுறைகளைக் கழற்றி, நனைந்த என் கையில் ஒவ்வொரு விரலாக மாட்டிவிட்டாள். அவள் அம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கள் ஏன் சிங்களத்திலை கத்தினனீங்கள்?" அதற்கும் நீதான் பதில் சொன்னாய். பங்களாவில் சிங்கள வேலைக்காரர்கள் இருந்தார்களாம்.

அன்று பின்னேரம் நீ சோறும் பருப்பும் தட்டில் போட்டு என் அறைக்குக் கொண்டுவந்தாய். நான் கேட்டேன், "எப்ப இருந்து அப்பா துரையானாரு?" நீ கதவைச் சாத்தினாய். "கத்தாதீங்க அம்மா." நான் கத்தவில்லை. பழகத் தொடங்கிய முதல் நாள் ஷாலினி ஊரைக் கேட்டாளாம், தேயிலைத் தோட்டம் என்றாயாம், சொந்தத் தோட்டமா என்றாளாம், இல்லை, அப்பா பார்த்துக்கொண்டார் என்றாயாம். அங்கிருந்து அது தானாக வளர்ந்ததாம். "லயத்துல இருந்தவன்னு சொன்னா கதை அங்கனயே முடிஞ்சிரும். அவங்க ஆட்களப் பத்தி உங்களுக்குத் தெரியாது." எனக்குத் தெரியும் என்றேன். "அப்ப விடுங்க. அப்பா செத்துட்டாரு. செத்தவருக்கு ஒரு பிரமோஷன் குடுத்தா யாருக்கு என்ன நட்டம்?" நகைச்சுவையாகச் சொன்னாய். நான் சிரிப்பேன் என்று என் முகத்தைப் பார்த்தாய். அந்த நாளில் நீ எதிர்பார்த்தும் நான் சிரிக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. பாதிதான் தெரியும். மீதியை நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லயத்துக்கு மேலே நிலத்தில் ஒரு வெடிப்பு ஓடியது. எல்லோருமே பார்த்தோம், பிள்ளைகள் அதற்குள் குச்சி விட்டு விளையாடினார்கள். காலையில் வேலைக்குப் பெயர் போடும் பிரட்டுக்களத்தில் ஆட்கள் ஒன்றுசேர்ந்து, தோட்டத்து முகாமையாளரான துரையிடம் கேட்டார்கள், மழை விடும் வரைக்கும் ஸ்டோரின் மேல்மாடியில் படுத்துக்கொள்ள இடம் வேண்டும் என்று. தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்போம், அதன் மேல்மாடியில்தான் கொழுந்து வாட்டுவார்கள். துரை அந்த மனிதர்களைத் திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். தேயிலை வாடையை இழுத்துக்கொள்ளும், அத்தனை ஆட்கள் அங்கே படுத்தால் கொழுந்து கெட்டுவிடும், வாங்குகிறவன் ருசித்துப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்றார்.

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். "நம்ம வாடை கொழுந்துல ஏறிருமாம் புள்ள. பறிக்கிறப்ப ஏறலியாம், படுத்தா ஏறிருமாம்." நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த நாள் அவருக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. நான் உன்னைக் குளிப்பாட்ட, மலைத் தண்ணீர் விழும் பீலிக்குக் கூட்டிப் போனேன். பீலியில் தண்ணீர் சிவப்பாக வந்தது. வாளியைக் கவிழ்த்துவிட்டு நிமிரும்போது எதிர்க் கிராமத்திலிருந்து ஒருவர் கத்தினார், நான் படகில் கத்திய அதே வார்த்தையை. உன் கையைப் பிடித்து ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. அப்பா யாரையும் காப்பாற்றவில்லை, தம்பி. அவர் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவும் லயத்து ஆட்களும் கிராமத்துச் சிங்கள ஆட்களும் சேர்ந்து தோண்டினார்கள். மம்பட்டி பட்டுவிடும் என்று கடைசியில் சித்தப்பா கையால் தோண்டினார். அவருடைய நகங்கள் திரும்ப முளைக்க எத்தனை நாள் எடுத்தது என்று உனக்குத் தெரியாது. நான் அவருக்குச் சோறு ஊட்டினேன்.

விசாரணையில் துரை சொன்னார், ஆட்களை வெளியேறச் சொன்னோம், அவர்கள்தான் கேட்கவில்லை என்று. பிறகு மாற்றலாகி இதைவிடப் பெரிய தோட்டத்துக்குப் போனார். அவ்வளவுதான் அவர் கதை. நீ பொய் சொன்னாய் என்பது அல்ல என் கோபம். அப்பாவை ஒரு டாக்டராக்கியிருக்கலாம். ஸ்டேஷன் மாஸ்டராக்கியிருக்கலாம். ஒரு கடை முதலாளியாக்கியிருந்தால்கூட நான் தலையைக் குனிந்துகொண்டு உன் கல்யாணத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது பழக்கம்தான். நம் வாடை கொழுந்தில் ஏறும் என்று சொன்ன அந்த ஒரு நாற்காலியில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறாய். அவர் செத்ததை எடுத்து, அவரைச் சாகவிட்டவனுக்குக் கௌரவமாகக் கொடுத்திருக்கிறாய்.

இது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னை டவுன் பாடசாலை விடுதியில் சேர்க்கக் கூட்டிப்போன பஸ்ஸில் நான்தான் சொன்னேன், "எந்த ஊருன்னு கேட்டா இரத்தினபுரின்னு சொல்லு. தோட்டம்னு சொல்லாத." பல்கலைக்கழகப் பரீட்சைக்குப் போன இடத்தில் தோட்டம் என்று சொன்னதும் எனக்கு நடந்த அவமானம் உனக்கு நடக்கக் கூடாது என்று சொன்னேன். ஊரை மறைக்கச் சொல்லிக் கொடுத்த வாய் என்னுடையது. அப்பாவை மாற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நீ கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல எனக்குச் சிரமமாகத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டும் ஒன்று அல்ல.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு நீ போனுக்குக் கல்யாண கார்டின் மாதிரியை அனுப்பினாய். தங்க எழுத்து. அப்பாவின் பெயருக்கு முன்னால் அமரர், பெயருக்குக் கீழே முன்னாள் பெருந்தோட்ட முகாமையாளர். அதற்குப் பக்கத்தில் என் பெயர். கொழும்பில் ஹோட்டலில் கல்யாணம். கூடவே ஒரு குரல் செய்தி: "அம்மா, நம்ம பக்கம் நீங்க மட்டும் வந்தாப் போதும். சித்தப்பாவுக்கு அப்புறமா நான் வந்து பாத்து ஏதாச்சும் செய்றேன். அவரு வந்தா சும்மா இருக்க மாட்டாரு, எல்லாரோடயும் பேசுவாரு." உண்மைதான். அவர் எல்லோரோடும் பேசுவார். நான்தான் பேசமாட்டேன். தம்பி, நீ என் கூச்சத்தை அறிந்து வைத்திருந்தது அன்பினால் என்று நினைத்தேனே, அதை உன் பொய்க்குப் பூட்டாகப் போட்டு வைத்திருந்தாய்.

அதனால் என் வாழ்க்கையில் நான் செய்யாத ஒன்றைச் செய்தேன். நானாகவே ஒருவருக்குப் போன் எடுத்தேன். ஷாலினியின் அம்மாவுக்கு. சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதுபோல் சொன்னேன். என் கணவர் துரை அல்ல, தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர், நாங்கள் லயத்தில் இருந்தோம், என் மகன் உங்களிடம் சொன்னது பொய். முழுவதும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

"அது எங்களுக்கு முந்தியே தெரியும். விசாரிக்காமல் பொம்பிளைப் பிள்ளையைக் குடுப்பமே? நீங்கள்தான் பெடியனைக் கொண்டு அப்பிடிச் சொல்ல வைச்சனீங்கள் எண்டு நினைச்சம். அதுதான் நாங்களும் ஒண்டும் கேக்கேல்லை."

நான் சொன்னேன், "இல்லீங்க. நான் சொல்ல வைக்கல."

"சரி, விடுங்கோ. பெடியன் நல்ல பெடியன், உழைக்கிறான். எங்களுக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஆனால் எங்கடை ஆக்களுக்குச் சொல்ல ஒரு வேலை வேணுமெல்லே. கார்டிலை இருக்கிறது இருக்கட்டும். ரெண்டு பக்கத்துக்கும் அதுதான் நல்லது."

"ஷாலினிக்குத் தெரியுமாங்க?"

"பிள்ளைக்குத் தெரியாது. இப்ப சொல்லி ஏன் மனசைக் குழப்புவான்?"

போனை வைத்த பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. அந்தப் படகில் அவர் என்னை உற்றுப் பார்த்தது அதனால்தான் போல. உன் கதை கேட்டு அந்தப் படகோட்டும் பெண் கண் கலங்கியபோது அந்த அம்மாவும் அப்பாவும் உள்ளுக்குள் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறார்கள். நீ ஏமாற்றியதாக நினைத்தவர்கள் ஏமாறவில்லை. உன் பொய்யை வாங்கி, அவர்களுக்குத் தேவையான அளவுக்கு மடித்து வைத்துக்கொண்டார்கள். லயத்தில் பிறந்தவனை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. லயத்தில் பிறந்தவன் என்று நீ வெளியில் சொல்லாமல் இருந்தால் போதும் என்கிறார்கள். நீ பயந்த கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் குனிந்து போகிற அளவுக்குத்தான் திறந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நீ நுழைகிறாய் என்றால் அது உன் விருப்பம். படகில் எதுவும் தெரியாமல் இருந்தது ஒரே ஒருத்தி. நனைந்த என் கையில் கையுறை மாட்டிவிட்டவள்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளியாட்களுக்குச் சொன்ன பொய் வெளியிலேயே கிடக்கும். கட்டினவளிடம் சொன்ன பொய்க்குத் தினமும் சோறு போட வேண்டும். பங்களாவின் படம் கேட்பாள், இல்லை என்பாய். ஊருக்குப் போவோம் என்பாள், ரோட்டு சரியில்லை என்பாய். நாளைக்கு உன் பிள்ளை வரும், தாத்தா எந்தத் தோட்டத்துத் துரை என்று கேட்கும், அந்தப் பிள்ளைக்கும் நீ சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்னொன்று. எனக்குப் பதிலாக நீ பேசியதுபோல் அவளுக்குப் பதிலாகவும் பேசாதே. பேசாமல் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே.

இனி, நீ கேட்ட பதில். அந்தக் கார்டில் அப்பாவின் பெயருக்குக் கீழே இருக்கும் வரியை எடுத்துவிடு. கவ்வாத்து வெட்டினவர் என்று போடச் சொல்லவில்லை. வெறும் பெயர் போதும், அது அவருடையது. தாலி கட்டுவதற்கு முன் ஷாலினியிடம் நீயே உன் வாயால் சொல். நான் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன், அவள் மெதுவாகத்தான் தமிழ் வாசிப்பாள், ஆனால் வாசிப்பாள். அதற்கு முன்னால் உன் வாயிலிருந்து கேட்டால் நல்லது. சித்தப்பாவுக்கு அழைப்பு அனுப்பு. இவ்வளவும் செய்தால் நான் வருவேன், கடைசிக் கோடிக் கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். செய்யாவிட்டால் வரமாட்டேன். என்னைக் கேட்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று நீ சொல்வாய் என்று தெரியும். சொல்லிக்கொள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் சித்தப்பா வந்தார். பெல்மதுளையில் வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம், கழுத்துப்பட்டியும் கட்ட வேண்டுமா என்று கேட்டார். இதற்கு மேல் மறைக்க எனக்கு முடியவில்லை. போனில் கார்டைக் காட்டி, படகில் நடந்ததையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். "அப்ப நான் யாரு அண்ணி, சின்னத்துரையா?" நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தொரை மண்ணுக்குள்ள போனாருன்னு சொல்லியிருக்கான். சரி. அவரத் தோண்டி எடுத்தது யாருன்னு சொல்லியிருக்கான்?"

எனக்குத் தெரியவில்லை. உன்னிடமே கேட்கச் சொன்னேன். போன் வரும். எடுத்துப் பேசு.

அம்மா